வீட்டுப் பெண்கள் குழு: குதிக்காமலும் மூச்சு வாங்கலாம்

அக்கா: இன்றும் அந்த இருபது நிமிட உடற்பயிற்சி வீடியோவைப் போட்டுச் செய்தேன், கொஞ்ச நேரம் வேகம், கொஞ்ச நேரம் ஓய்வு என்று மாறி மாறி வருமே, அது. பாதிக்கு மேல் முடியவில்லை. திரையில் வருகிற பெண் குதித்துக்கொண்டே சிரித்துப் பேசுகிறாள். எனக்கு ஒரு வார்த்தைகூட வாயிலிருந்து வரவில்லை.

நான்: வார்த்தை வரவில்லை என்றால் சரியாகத்தான் செய்திருக்கிறாய் அக்கா. தீவிரமான சுற்றில் இரண்டு மூன்று சொற்களுக்கு மேல் பேச வரக் கூடாது. ஆனால் அடுத்த சுற்று தொடங்குவதற்குள் மூச்சு ஓரளவு திரும்ப வேண்டும். திரும்பவில்லையா, வீடியோவை நிறுத்தி வை. அவளுக்கு அது தொழில், நாள் முழுக்க அதைத்தான் செய்கிறாள். அவள் வேகத்தைப் பிடிக்க நீ ஓடாதே.

அக்கா: தலைப்பில் டபாட்டா என்று போட்டிருக்கிறார்கள். முழுவதும் முடித்தால்தான் பலன் என்று நினைத்தேன்.

நான்: அந்தப் பெயர் இசுமி டபாட்டா என்ற ஜப்பானிய ஆய்வாளருடையது. அவருடைய ஆய்வு 1996இல் வெளிவந்தது. நிலைமிதிவண்டியில் 20 விநாடி முழுப் பலத்தோடு மிதிப்பது, 10 விநாடி ஓய்வு, இப்படி ஏழெட்டுச் சுற்று. மொத்தமே சுமார் நான்கு நிமிடம்தான். செய்தவர்கள் உடற்பயிற்சியில் ஊறிய இளைஞர்கள், கடைசிச் சுற்றில் அவர்களுக்கே கால் ஓய்ந்துவிடும். அந்த வேகத்தை இருபது நிமிடம் யாராலும் தாங்க முடியாது. உன்னுடையது வேறு பயிற்சி, நல்ல பயிற்சியும்கூட. பாதியில் நிறுத்தினாலும் செய்தது வீணாகாது.

அண்ணி: பெண்கள் மட்டும் இருக்கிற குழு என்பதால் ஒன்று கேட்கிறேன். கை கால்களை விரித்துக் குதிக்கிற ஜம்பிங் ஜாக் செய்தால் சிறுநீர் கசிகிறது. பாப்பாவுக்கு ஐந்து மாதம் முடிந்துவிட்டது. இன்னுமா இப்படி இருக்கும்?

அத்தை: எனக்கு இருமினாலே அப்படித்தான் அம்மா. பெரியவன் பிறந்ததிலிருந்து இருக்கிறது. உங்கள் மாமாவிடம்கூடச் சொன்னதில்லை.

நான்: அத்தை, இத்தனை வருடம் இதைச் சுமந்தீர்களா! அண்ணி, இது பிள்ளை பெற்ற பலருக்கும் வருவது. கர்ப்பப்பையையும் சிறுநீர்ப்பையையும் கீழிருந்து தாங்குகிற தசைகள் தளர்ந்திருக்கின்றன. குதிக்கும்போது மேலிருந்து வருகிற அழுத்தத்தை அவை தாங்கவில்லை, அவ்வளவுதான். சிறுநீரை அடக்குவதுபோல அந்தத் தசைகளை இறுக்கி, சில விநாடி பிடித்து, முழுவதுமாகத் தளர்த்த வேண்டும். இதைத் தினமும் செய்யுங்கள், ஆனால் சிறுநீர் கழிக்கும்போது செய்து பார்க்காதீர்கள். மகளிருக்கான பிசியோதெரபிஸ்ட் ஒருவரை இருவரும் பாருங்கள். பெரும்பாலும் சரியாகிவிடுகிற விஷயம் இது.

அண்ணி: அதுவரை வீடியோவையே விட்டுவிட வேண்டுமா?

நான்: குதிப்பதை மட்டும் விடுங்கள். ஜம்பிங் ஜாக் வரும்போது ஒரு காலைப் பக்கவாட்டில் வைத்து எடுத்து, மறுகாலை வைத்து எடுத்து, கைகளை மட்டும் வேகமாக மேலே வீசுங்கள். தரையில் கை ஊன்றிக் கால்களைப் பின்னால் தள்ளி, எழுந்து குதிக்கிற பர்பி வந்தால் கட்டில் விளிம்பில் கை ஊன்றிக் கால்களை ஒவ்வொன்றாகப் பின்னால் எடுத்து வையுங்கள். மூச்சை அடக்காதீர்கள். கை வேகத்திலேயே நெஞ்சு படபடக்கும், பாருங்கள்.

அக்கா: எனக்கும் அதுதான் சரி. நேற்று கீழ் வீட்டு அம்மா மேலே ஏறி வந்து, மின்விசிறியே ஆடுகிறது என்றார்கள். மொசைக் தரையில் கோரைப்பாய் வேறு நழுவுகிறது.

நான்: கோரைப்பாயைச் சுருட்டி வை அக்கா, வியர்வைக் காலோடு அதில் வழுக்கினால் மணிக்கட்டு போய்விடும். அடியில் ரப்பர் உள்ள பாய் வாங்கு. தினமும் செய்ய வேண்டாம், வாரத்தில் இரண்டு மூன்று நாள் போதும். முதலில் ஐந்து நிமிடமாவது நின்ற இடத்தில் நடந்து உடம்பைச் சூடாக்கிக்கொள்.

அத்தை: கண்ணு, ஐம்பத்தெட்டு வயதில் நான் இதையெல்லாம் செய்யலாமா? சர்க்கரைக்கு கிளிமிபிரைடு, இரத்த அழுத்தத்துக்கு அட்டெனலால் போடுகிறேன். மகன் வாங்கித் தந்த கைக்கடிகாரத்தில் இதயத் துடிப்பு எவ்வளவு வேகமாக நடந்தாலும் நூற்றுப் பத்தைத் தாண்டுவதில்லை. வீடியோவில் நூற்று நாற்பது வர வேண்டும் என்கிறார்கள்.

நான்: அத்தை, அந்த எண்ணைத் துரத்தவே துரத்தாதீர்கள். அட்டெனலால் இதயத் துடிப்பை ஏற விடாமல் பிடித்து வைக்கும். உங்களுக்குக் கடிகாரத்தைவிட மூச்சுதான் சரியான கணக்கு. கிளிமிபிரைடு போடுகிறவர்களுக்குச் சர்க்கரை சட்டென்று இறங்கலாம். வெறும் வயிற்றில் செய்யாதீர்கள், குளுக்கோஸ் பொட்டலம் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். முதலில் உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். கேட்காமல் தொடங்கினால் நானே வந்து வீடியோவை அணைப்பேன்.

அத்தை: டாக்டர் நடக்கத்தானே சொல்வார்?

நான்: வேகமும் ஓய்வும் மாறி மாறி வருகிற இதை நடையிலேயே செய்யலாம். நார்வேயில் ட்ரொன்ஹெய்ம் நகரத்து ஆய்வாளர்கள் 2007இல் வெளியிட்ட ஆய்வில், இதயம் பலவீனமானவர்களையே ஏற்றமாக வைத்த டிரெட்மில்லில் நடக்க வைத்தார்கள். நான்கு நிமிடம் வேகநடை, மூன்று நிமிடம் மெதுநடை, இப்படி நான்கு முறை. அவர்களின் சராசரி வயது 75. மருத்துவக் கண்காணிப்பில் செய்தது அது. டாக்டர் சரி என்றால் நீங்கள் ஒரு நிமிட வேகநடையில் தொடங்கலாம். நெஞ்சு இறுகினாலோ, தாடையோ கையோ வலித்தாலோ, தலை சுற்றினாலோ உடனே நிறுத்திவிட்டு வீட்டில் யாரையாவது கூப்பிட வேண்டும்.

அத்தை: வியாழக்கிழமை டாக்டரைப் பார்க்கிறேன். இருமலில் கசிவதையும் சொல்லிவிடுகிறேன்.

அண்ணி: நானும் கூட வருகிறேன் அத்தை. பிசியோதெரபி பிரிவு எந்த மாடியில் என்று விசாரித்து வைக்கிறேன்.

அக்கா: வெறுங்காலில் செய்யலாமா, ஷூ போட வேண்டுமா?

நான்: ஷூ போட்டுக்கொள். மொசைக் தரைக்கு அடிப்பகுதி தேயாததாக இருக்க வேண்டும், பழையதை எடுக்காதே.