புதுப்பிப்பு: மூழ்கிய ஃபான் டெர் டான் மறுபடி மிதக்கிறது

மாதிரிப் போர்க்கப்பல்கள் தண்ணீரில் ஒன்றையொன்று சிறு இரும்புக் குண்டுகளால் சுடும் விளையாட்டில், என் ஃபான் டெர் டான் (ஜெர்மன் போர்க்கப்பலின் 1:144 அளவு மாதிரி) முதல் சண்டையிலேயே மூழ்கியதும், பம்ப் ஏன் தண்ணீரை இறைக்கவில்லை என்று போன மாதம் கேட்டிருந்தேன். (1916இல் ஜட்லண்ட் கடற்போரில் பிரிட்டனின் இண்டிஃபாட்டிகபிள் போர்க்கப்பலை மூழ்கடித்த கப்பலின் மாதிரிக்கு இந்தக் கதி!)

மோட்டாரைத்தான் சந்தேகப்பட்டேன். பாவம், அது நன்றாகவே ஓடுகிறது. பம்பின் உறிஞ்சும் வாயில் அரை விரல்நகம் அளவு பால்சா மரச் சில்லு அடைத்திருந்தது. எதிரியின் இரும்புக் குண்டு பக்கவாட்டைத் துளைத்தபோது உள்ளே விழுந்தது. இப்போது பம்பைச் சுற்றிக் கொசுவலை. தண்ணீர் ஒரு மூலையில் தேங்காமல் பம்புக்கே வர, உள்தரையில் வாய்க்காலும் விட்டாயிற்று.

நேற்று குளியல் தொட்டியில் மிதக்கவிட்டு உள்ளே ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றினேன். சர்ரென்று வெளியேறியது. அப்புறம், மூழ்கிய இடத்தைக் காட்ட மிதவையோடு கயிறு கட்டச் சொன்னவருக்கு நன்றி. அடுத்த முறை மூழ்கினால் சேற்றில் துழாவ வேண்டாம்.