அந்த மேடையில் 'சித்தி' என்று கேட்ட இரவு

2020 ஆகஸ்ட் 19. நியூஜெர்சியில் இரவு பத்தரை மணி இருக்கும். மில்வாக்கியில் பெரிய கூட்டமாக நடக்க வேண்டிய ஜனநாயகக் கட்சி மாநாடு கொரோனாவால் டிவிக்குள் சுருங்கியிருந்தது. டெலவேர் மாநிலம் வில்மிங்டனில், கிட்டத்தட்டக் காலியாக இருந்த அரங்கில் நின்றுதான் கமலா ஹாரிஸ் துணை அதிபர் வேட்பாளர் பொறுப்பை ஏற்றுக்கொண்டார். கைதட்டல் இல்லை, பலூன் இல்லை. ஒவ்வொரு வாக்கியத்துக்குப் பிறகும் வந்த அமைதி மனதை என்னவோ செய்தது.

அக்கா நர்ஸ். அந்த மாதங்களில் தொற்றுக்குப் பயந்து மகளை எங்களிடம் விட்டிருந்தாள். பதினைந்து வயது. சின்ன வயதிலிருந்து நான் தூக்கி வளர்த்த பிள்ளைதான். ஆனால் தோழிகள் முன்னால் மட்டும் என்னை 'ஆன்ட்டி' என்பாள். சித்தி என்றால் என்னவென்று அவர்களுக்கு விளக்கக் கூச்சம். நான் எதுவும் சொன்னதில்லை. ஒவ்வொரு தடவையும் சுருக்கென்று இருக்கும், அவ்வளவுதான்.

கமலா தன் அம்மா ஷியாமளாவைப் பற்றிப் பேசினார். ஐந்தடி உயரம், இருபத்தைந்து வயதில் ஓக்லாந்தில் தன்னைப் பெற்றெடுத்தவர் என்றார். குடும்பம் என்றால் யார் யார் என்று ஆங்கிலத்தில் அடுக்கிக்கொண்டே வந்தவர், நடுவில் 'என் சித்திகள்' என்றார். அர்த்தம் சொல்லவில்லை. சொல்லிவிட்டு அடுத்தவருக்குப் போய்விட்டார். பெரிய கட்சி ஒன்றின் சார்பில் அந்தப் பதவிக்கு நிற்கும் முதல் கறுப்பினப் பெண், அந்தப் பெரிய இரவில், நம் வீட்டு வார்த்தையை அப்படியே வைத்துவிட்டுப் போகிறார்!

மாடியிலிருந்து தடதடவென்று இறங்கி வந்தாள். "சித்தி, உங்களைச் சொன்னாங்க!"

எனக்குப் பேச்சே வரவில்லை.

சற்று நேரத்தில் கும்பகோணத்திலிருந்து அம்மாவின் போன். அங்கே காலை. மன்னார்குடி பக்கத்துத் துளசேந்திரபுரம்தான் கமலாவின் தாத்தா ஊர் என்று டிவியில் காட்டுகிறார்களாம். "நம்ம பக்கத்துப் பொண்ணுடி" என்று அழுதாள்.

கமலாவின் எல்லாக் கொள்கைகளிலும் எனக்கு உடன்பாடு கிடையாது, அது வேறு.

2024 ஆகஸ்ட் 22-ல் சிகாகோவில், நிரம்பி வழிந்த அரங்கில், அவர் அதிபர் வேட்பாளராக ஏற்றுப் பேசியபோது அக்கா மகள் கல்லூரி விடுதியில் இருந்தாள். பத்தொன்பது வயதில் தன்னந்தனியாகக் கடல் கடந்து வந்த அம்மாவைப் பற்றிக் கமலா சொன்னார். இவளுக்கும் அப்போது அதே வயது. பேச்சு முடிந்ததும் வீடியோவில் அழைத்தாள். பின்னால் நாலைந்து தோழிகள். போனை அவர்கள் பக்கம் திருப்பி, "இது என் சித்தி. அம்மாவோட தங்கச்சி" என்றாள்.