புதுப்பிப்பு: வேப்பம் பருப்பிலிருந்து அசாடிராக்டினைப் பிரித்தெடுத்தல்

வேப்பம் பருப்பின் மெத்தனால் சாற்றில் எண்ணெய் மிகுந்திருப்பதால், சிலிக்கா ஜெல் பத்தியில் (கலவையின் கூறுகளைப் பிரிக்கும் குழாய்) பூச்சிகளைத் தடுக்கும் சேர்மமான அசாடிராக்டின், மற்ற லிமனாய்டுகளோடு (வேம்பிலுள்ள அதே குடும்பச் சேர்மங்கள்) கலந்தே இறங்குகிறது, அதைத் தனியே பிரிப்பது எப்படி என்று இங்கே கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி.

பலன் தந்தது, மெத்தனாலைச் சேர்ப்பதற்கு முன்பே பருப்புத்தூளின் எண்ணெயை ஹெக்சேனால் முழுவதும் நீக்கிவிடுமாறு சொன்ன யோசனையே. எஞ்சிய பிண்ணாக்கிலிருந்து எடுத்த மெத்தனால் சாற்றில் நீர் சேர்த்து, அதை எத்தில் அசிட்டேட்டால் பிரித்து, கரைப்பானை 40 பாகை செல்சியசுக்குக் கீழே குறைந்த அழுத்தத்தில் ஆவியாக்கினேன்; அமிலம், காரம், வெப்பம், ஒளி ஆகிய எல்லாமே இம்மூலக்கூறைச் சிதைப்பவை என்பதால் இந்தக் கட்டத்தில் அவசரம் கூடவே கூடாது. பிறகு சி-18 பத்தியில் (முனைவுத்தன்மை குறைந்த சேர்மங்களை அதிக நேரம் பிடித்துவைக்கும் பத்தி) அசிட்டோநைட்ரைல்–நீர் கலவையை ஓட்டி, 217 நானோமீட்டர் புற ஊதா ஒளியில் கண்காணித்தபோது அசாடிராக்டின் தெளிவான முகடாக வந்தது. மற்ற லிமனாய்டுகளான நிம்பினும் சலானினும் வெகுவாகப் பின்தங்கின.

எதிர்பாராதது, அதை ஒட்டி வந்த சிறு முகடு. மூலக்கூறுகளை அயனிகளாக்கி நிறையை அளக்கும் நிறைநிறமாலையில் இரண்டு முகடுகளுமே 685 என்ற அயனியைக் காட்டின. அசாடிராக்டினின் முதன்மை வடிவமான அசாடிராக்டின் ஏ (மூலக்கூறு நிறை 720) ஒரு புரோட்டானை ஏற்று இரு நீர் மூலக்கூறுகளை இழந்தாலும் 685 வரும். அதன் நெருங்கிய உறவான அசாடிராக்டின் பி (662) சோடியத்தோடு சேர்ந்தாலும் அதே 685 வரும். ஆகவே இந்த ஓர் எண்ணை மட்டும் நம்பக் கூடாது. முதன்மை முகட்டில், ஏ சோடியத்தோடு சேர்ந்தால் வரும் 743 என்ற அயனி இருந்தது. சிறு முகட்டில் அது இல்லை, பி ஒரு புரோட்டானை ஏற்று ஒரு நீரை இழந்தால் வரும் 645 இருந்தது. ஹைட்ரஜன் அணுக்களின் சூழலைக் காட்டும் புரோட்டான் என்.எம்.ஆர். நிறமாலையிலும், ஏ-யில் இருந்து பி-யில் இல்லாத அசிட்டைல் தொகுதியின் மெத்தில் குறிகை சிறு முகட்டில் இல்லாததால், அது பி என்பது உறுதியானது.