டயல்-அப் இன்டர்நெட் காலத்தில் ரீடயல் போட்டுவிட்டு நடந்தவை: உங்கள் அனுபவம் என்ன?

மார்த்தாண்டத்துக்காரன்:
2003, ப்ளஸ் டூ முடிந்த லீவு. விண்டோஸ் 98, 56கே இன்டர்னல் மோடம் (போன் லைன் வழியாகக் கம்ப்யூட்டரை இன்டர்நெட்டில் சேர்க்கும் கருவி). ராத்திரி 11 மணிக்கு மேல்தான் லைன் கிடைக்கும், உங்களுக்கே தெரியும். வீட்டில் எல்லோரும் தூங்குகிறார்கள் என்று ஏ.டி.எம்0 என்ற மோடம் கட்டளையைக் கொடுத்து அதன் ஸ்பீக்கரை அணைத்து வைத்திருந்தேன். நம்பரில் கடைசி இரண்டு இலக்கமும் இடம் மாறிப் போனதைக் கவனிக்கவில்லை. ரீடயல், அதாவது லைன் கிடைக்காவிட்டால் கம்ப்யூட்டர் தானே மறுபடி டயல் செய்வது, 10 தடவை, இடைவெளி 30 விநாடி.

திரும்பத் திரும்ப எரர் 678, எதிர்முனை பதில் தரவில்லை என்று. என்கேஜ்டு என்றால் 676 அல்லவா வர வேண்டும்? ஆறாவது தடவைக்கு முன்னால் கட்டளையை எம்1 என்று மாற்றி ஸ்பீக்கரைப் போட்டேன். மணி அடித்தது, எடுத்தார்கள். ஒரு பாட்டியம்மாவின் குரல். "மக்களே, நீயா? ஒண்ணும் கேக்கல்லியே. பேசு மக்களே."

மக்களே என்றால் எங்கள் ஊரில் மகனே என்று அர்த்தம். வயரைப் பிடுங்கிவிட்டேன். மகன் வளைகுடாவில் இருந்திருப்பான். ஐந்து தடவை எழுந்து வந்து எடுத்திருக்கிறார். அந்த நம்பர் திரையிலேயே இருந்தது. மறுநாள் கூப்பிட்டு, தப்பு என்னுடையது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

குளச்சல் தம்பி:
எனக்கு 2004 டிசம்பர் 26, சுனாமி வந்த நாள். அக்கா வீடு குளச்சலில், நாங்கள் நாகர்கோவிலில். செய்தி பார்க்கலாம் என்று டயல்-அப் போட்டேன், கிடைக்கவில்லை. விண்டோஸ் எக்ஸ்பி-யில் ரீடயல் இடைவெளியை 1 விநாடி என்று வைத்துவிட்டு, அக்காவைத் தேடி பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டேன். அக்கா பிழைத்துக்கொண்டாள். மஸ்கட்டிலிருந்து அத்தான் காலையிலிருந்து எங்கள் வீட்டுக்கு அடித்துக்கொண்டே இருந்திருக்கிறார். எப்போது அடித்தாலும் என்கேஜ்டு. நான் திரும்பி வந்து கம்ப்யூட்டரை நிறுத்தியதும் போன் அடித்தது. எடுத்தேன். அத்தானால் பேச முடியவில்லை, மூச்சு மட்டும்தான் கேட்டது.

நாகர்கோவில் பிரவுசிங் சென்டர்:
மார்த்தாண்டத்துத் தம்பி, குற்றம் நம்பரில்தான், ரீடயலில் இல்லை. இன்னொன்று, அந்த அம்மா மோடம் போடும் கீச்சென்ற சத்தத்தைக் கேட்டிருக்க மாட்டார். அது எதிர்முனை மோடம் எடுத்தால் வருவது. கூப்பிடும் மோடம் சும்மா இருக்கும், இல்லாவிட்டால் விட்டு விட்டுச் சின்னதாக ஒரு பீப் கொடுக்கும். அதனால்தான் வெளிநாட்டு லைன் சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்துப் பேசியிருக்கிறார்.

என் கடையில் ஐப்பசி இடியில் இரண்டு மோடம் போனது தவிர பெரிய கதை இல்லை. ஆனால் இதைச் சொல்லியே ஆக வேண்டும். மோடம் டயல் டோனைக் கண்டுகொள்ளவில்லை என்று அப்போது பலரும் எக்ஸ்1 என்ற கட்டளையைப் போட்டுவிடுவார்கள். அப்படிப் போட்டால் மோடத்துக்கு என்கேஜ்டு டோனும் தெரியாது. எஸ்7-இல் (எதிர்முனை மோடத்துக்குக் காத்திருக்கும் நேரம்) எத்தனை விநாடி இருக்கிறதோ அத்தனையும் லைனைப் பிடித்துக்கொண்டு நிற்கும். எக்ஸ்3 போட்டிருக்க வேண்டும், டயல் டோனுக்குக் காத்திருக்காது, என்கேஜ்டை மட்டும் கண்டுபிடிக்கும். இடைவெளி ஒரு நிமிடமாவது விட்டிருக்க வேண்டும், வெளியிலிருந்து வரும் போன் அந்த இடைவெளியில்தான் நுழைய முடியும். லைன் அறுந்தால் தானே ரீடயல் செய்யும் டிக்கை எடுத்துவிட்டிருக்க வேண்டும். அறுந்து அறுந்து சேரும்போது ஒவ்வொரு தடவையும் புது அழைப்பாகக் கணக்கு ஏறும். புது நம்பர் என்றால் முதல் தடவை ஸ்பீக்கரைப் போட்டுக் காதால் கேட்டுவிட்டு, அப்புறம் ரீடயல் வைத்திருக்க வேண்டும்.

கருங்கல் பொண்ணு:
அண்ணா, எக்ஸ்3 எல்லாம் சரி. ரீடயலில் குற்றமில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். ஒரு தடவை என்றால் ராங் நம்பர் என்று படுத்துவிடுவார்கள். திரும்பத் திரும்ப அடித்தால்தான் மகனுக்கு என்னமோ ஆகிவிட்டது என்று பயம் வரும்.

எங்கள் வீட்டுக்கும் அப்படிப் பேச்சில்லாத போன் வரும். அப்பா சவுதியில். அம்மா ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு, எதிர்முனையில் சத்தமே இல்லாவிட்டாலும், வீட்டு விசேஷம் முழுக்க வரிசையாகச் சொல்லிவிட்டுத்தான் வைப்பாள். தங்கச்சிக்குக் காய்ச்சல் குறைந்தது, ஓடு மாற்றியது, பணம் வந்து சேர்ந்தது. நம் குரல் அங்கே கேட்டாலும் கேட்கும் என்பாள்.