பூண்டுப் பக்கத்துக்கு ரீல்ஸா, படமா? கொஞ்சம் சொல்லுங்கள்

வணக்கம். எங்களுக்குப் பூம்பாறையில் பூண்டுத் தோட்டம். 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்த கொடைக்கானல் மலைப்பூண்டுதான். நேரடியாக விற்கலாம் என்று இன்ஸ்டாகிராமில் பக்கம் தொடங்கி எட்டு மாதம் ஆகிறது. பின்தொடர்பவர்கள் 340 பேர், அதில் பாதி சொந்தக்காரர்கள்.

மூடுபனியில் படிக்கட்டு வயலை எடுத்துப் போட்ட 15 நொடி ரீலை ஆயிரக்கணக்கானோர் பார்த்தார்கள். ஆனால் கேட்டதெல்லாம் "ரூம் கிடைக்குமா?" பூண்டைப் பற்றி ஒருத்தரும் மூச்சு விடவில்லை! அப்புறம், பூண்டைக் கட்டுக்கட்டாகத் தொங்கவிட்டுப் புகை போடுவதைப் பத்துப் படங்களாக அடுக்கிப் போட்டேன். பார்த்தவர்கள் கொஞ்சம்தான், ஆனால் நிறையப் பேர் சேமித்து வைத்தார்கள். ஆறு பேர் வாங்கவும் செய்தார்கள். ஸ்டோரி 24 மணி நேரத்தில் மறைந்துவிடுவதால் அன்றைய விலை சொல்ல மட்டும்.

வாரத்துக்கு இரண்டு பதிவு போடத்தான் நேரம். மழை வந்தால் சிக்னலும் போய்விடும். புது ஆட்களைப் பிடிக்க ரீல்ஸையே தொடரட்டுமா, படத்தொகுப்போடு நிற்கட்டுமா? அம்மா பூண்டுக் குழம்பு வைப்பதை யூடியூப் ஷார்ட்ஸில் போடச் சொல்கிறாள் தங்கை. அம்மாவோ கேமராவைக் கண்டாலே அடுப்படியை விட்டு ஓடுகிறார். விவசாயப் பக்கம் நடத்துகிற அண்ணன், அக்கா யாராவது சொல்லுங்கள்.