பூட்டு அப்படியேதான் தொங்கியது: மலையில் வீடு திறந்த அனுபவங்கள்

குன்னூர்க்காரன்
மேட்டுப்பாளையத்தில் ஒரு கல்யாணம், மூன்று நாள் வீட்டைப் பூட்டிவிட்டு இறங்கினோம். திரும்பி வந்தால் பூட்டு அப்படியே தொங்குகிறது. சாவியைப் போட்டு இழுத்தேன், கதவு கீல் பக்கமாகத் திறந்து என் மேலேயே சாய்ந்தது. பழைய வீடு, வெளிப்பக்கம் திறக்கும் கதவு, ஸ்க்ரூ எல்லாவற்றையும் திருடன் நின்று நிதானமாகக் கழற்றியிருக்கிறான். கேஸ் சிலிண்டர், செம்பு அண்டா, கொஞ்சம் பணம் போனது. அதுகூடப் பரவாயில்லை. அடுப்படியில் நாற்காலியை இழுத்துப் போட்டு அதன் முதுகில் தன் ஈரச் சட்டையைக் காயப்போட்டிருந்தான். பக்கத்தில் டீ குடித்த டம்ளர், கழுவிக் கவிழ்த்தது (டீ போட்ட பிறகுதான் சிலிண்டரைக் கழற்றியிருக்கிறான்!). அம்மா பின்னிக் கொடுத்த என் பச்சை ஸ்வெட்டரைக் காணோம். இரண்டு வருஷம் ஆகிறது, பஜாரில் பச்சை ஸ்வெட்டர் எதிரே வந்தால் இன்னும் நின்று பார்க்கிறேன்.

அரவேணு அக்கா
எங்கள் வீட்டுக்கு வந்த திருடனுக்குச் சட்டையே கிடையாது தம்பி. ராத்திரி சமையலறைக் கதவை யாரோ மோதி உடைக்கிற சத்தம், அவர் கட்டையைத் தேட, நான் 100-க்கு அடிக்க, டார்ச் அடித்துப் பார்த்தால் கரடி. தேங்காய் எண்ணெய் டின்னைக் கட்டிப்பிடித்து உட்கார்ந்திருக்கிறது, மூஞ்சியெல்லாம் பளபளவென்று. எங்களைப் பார்த்துவிட்டு மறுபடி நக்க ஆரம்பித்தது பாருங்கள், அதைத்தான் மறக்க முடியவில்லை.

கேத்தி ராஜா
ஒரு நல்ல நாய் வளர்த்தால் இரண்டு பிரச்சினையும் தீர்ந்தது.

கொடை ரிட்டையர்டு
ராஜா சார், வளர்த்தோம். சிறுத்தை தூக்கிக்கொண்டு போய்விட்டது, மிச்சம் சங்கிலிதான். சரி என்று கேமரா வைத்தேன். மோட்டாரைக் கழற்றிக்கொண்டு போன இரவு முழுவதும் அது பதிவு செய்திருந்தது, ஓட்டிப் பார்த்தால் திரை பால் மாதிரி வெள்ளை. இருட்டில் அதன் இன்ஃப்ராரெட் வெளிச்சம் மூடுபனியில் பட்டுத் திரும்பி வருமாம், விற்றவன் சொல்லவில்லை. தெளிவாக விழுந்தது லென்ஸ் முன்னால் வலை பின்னிய சிலந்தி மட்டும்.

குன்னூர் தம்பிக்கு: கதவின் கீல் ஓரத்தில் இரண்டு இரும்புக் குமிழ் அடித்து, கதவைச் சாத்தினால் அது நிலையில் உள்ள துளைக்குள் போய் உட்காருகிற மாதிரி ஆசாரியிடம் சொல்லுங்கள், கீலைக் கழற்றினாலும் கதவு வராது. வெளியே தொங்கும் பூட்டு 'ஆளில்லை' என்று போர்டு வைப்பது மாதிரி, உள்பூட்டு போடுங்கள். கிளம்பும் முன் ஸ்டேஷனில் எழுதிக் கொடுங்கள், ரோந்து வருகிறவர்கள் எட்டிப் பார்ப்பார்கள். கல்யாண வீட்டு போட்டோவை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் அன்றைக்கே போடாதீர்கள், பால்காரரை நிறுத்தச் சொல்லுங்கள், பக்கத்து வீட்டில் ஒரு சாவி கொடுங்கள். புகார் கொடுத்தால் சிஎஸ்ஆரோடு (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான ரசீது) நிற்காமல் எஃப்ஐஆர் நகல் கேளுங்கள். வீட்டுக்குள் திருட்டு பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 380-வது பிரிவு, 2024 ஜூலை 1-க்குப் பிறகு நடந்ததென்றால் அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சம்ஹிதாவில் 305, 7 வருஷம் வரை உள்ளே போகலாம்.

குன்னூர்க்காரன்
குமிழ் அடித்தாயிற்று சார், நன்றி. ஒன்று சொல்ல விட்டுப்போனது. அந்த ஈரச் சட்டைக் காலரில் எங்கள் பஜார் டெய்லர் கடை லேபிள் இருந்தது. நானும் அங்கேதான் தைக்கக் கொடுக்கிறேன்.