புதுப்பிப்பு: சொலிசிட்டர் நிறுவனத்திடம் இருக்கும் என் விவரங்கள்

லண்டனில் வீடு வாங்கியபோது பத்திர வேலை பார்த்த சொலிசிட்டர் நிறுவனம், என் பாஸ்போர்ட் நகலையும் வங்கி அறிக்கைகளையும் இன்னும் வைத்திருக்கிறது, விளம்பர மின்னஞ்சலும் விடாமல் அனுப்புகிறது, என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

"அழிக்கச் சொல்வதற்கு முன்னால், என்ன வைத்திருக்கிறார்கள் என்று கேளுங்கள்" என்ற யோசனைதான் வேலை செய்தது. அவர்களுடைய தனியுரிமை அறிவிப்பில் இருந்த முகவரிக்கு, யுகே ஜிடிபிஆர் (பிரிட்டனின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம்) 15ஆம் பிரிவைக் குறிப்பிட்டு எழுதினேன்; நம்மைப் பற்றி வைத்திருக்கும் விவரங்களின் நகலைக் கேட்டு வாங்கும் உரிமை அதில்தான் இருக்கிறது. அடையாளச் சான்று கேட்டார்கள். அது கிடைத்த பிறகுதான் ஒரு மாதக் கெடு ஓடத் தொடங்குமாம். கட்டணம் கிடையாது. கெடுவுக்குள் பிடிஎஃப் வந்துவிட்டது.

நான் எதிர்பார்க்காதது, தொலைபேசியில் பேசியதற்கெல்லாம் குறிப்பு இருந்ததுதான். "வாடிக்கையாளர் மறுபடியும் சாவி எப்போது என்று கேட்டார்" என்று ஒன்று! சில இடங்களைக் கறுப்புப் பட்டை போட்டு மறைத்திருந்தார்கள். வீட்டை விற்றவரின் விவரமாக இருக்கும், மறைத்தது நியாயம்தான்.

அழிப்பது மட்டும் இப்போதைக்கு நடக்காது. 2017ஆம் ஆண்டின் கறுப்புப் பணத் தடுப்பு விதிகளின்படி, அடையாளச் சான்று நகல்களை வேலை முடிந்து 5 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். சட்டமே வைத்திருக்கச் சொல்வதை அழிக்கச் சொல்லி நாம் வற்புறுத்த முடியாது.

விளம்பரம் வேறு கதை. வேண்டாம் என்று சொன்னால் போதும், காரணம் சொல்லத் தேவையில்லை, நிறுத்தியே ஆக வேண்டும். நின்றுவிட்டது. ஐசிஓவிடம் (பிரிட்டனின் தரவுப் பாதுகாப்புக் கண்காணிப்பு அமைப்பு) புகார் கொடுக்கும் அளவுக்குப் போகவில்லை.